முக்கூர்த்தி ஈரப்புல்வெளியில் தாவர ஆய்வு: அனுமதி முதல் உலர்த்தாள் வரை

நீலகிரியின் மேற்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, சோலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளிகளிலும் அவற்றின் தாழ்வுகளில் தேங்கி நிற்கும் சதுப்புகளிலும் தாவர ஆய்வு செய்ய விரும்பும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முதல் விண்ணப்பத்தை ஜூன் மாதம் அனுப்பினேன். விடுபட்ட தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்து, அனுமதி கைக்கு வந்தபோது நவம்பர் கடைசி. டிசம்பரில் மேலே ஏறியபோது நான் தேடிப் போன செடிகளில் பெரும்பாலானவை உறைபனியில் கருகி, காய்ந்த புல்லோடு புல்லாகக் கிடந்தன. அடுத்த பூப்பருவத்துக்காக ஒன்பது மாதம் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு உங்களுக்கு நேரக்கூடாது.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்று படிகளுக்குப் பெரிய செலவில்லை என்றாலும், பெரும்பாலானோர் தடுமாறுவது அவற்றில்தான்.

1. பார்க்கப் போகிறீர்களா, பறிக்கப் போகிறீர்களா என்பதை முடிவு செய்யுங்கள்

முக்கூர்த்தி தேசியப் பூங்கா 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வரையாட்டின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் ஆய்வுக்காக நுழைய, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பார்த்தல், எண்ணுதல், படமெடுத்தல், அளவெடுத்தல் ஆகியவை இந்த அனுமதிக்குள் அடங்கிவிடும்.

செடியைப் பறிப்பது வேறு விஷயம். அந்தச் சட்டத்தில் வன உயிரினம் என்னும் சொல் விலங்குகளை மட்டும் குறிப்பதன்று; வாழிடத்தின் பகுதியாக இருக்கும் தாவரங்களும் அதில் சேரும். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் அகற்றுவதற்கு 35-ஆம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகள் மிகக் கடுமையானவை. ஆகவே "தாவர மாதிரிகள் சேகரித்தல்" என்று ஒரு வரியைப் போகிற போக்கில் விண்ணப்பத்தில் எழுதிவிட்டால், எளிதாகக் கிடைத்திருக்க வேண்டிய அனுமதியும் அதனோடு சேர்ந்து தேங்கிவிடும். எனக்கு நேர்ந்தது இதுதான். உண்மையில் என் ஆய்வுக்கு வேண்டியிருந்த மாதிரிகளில் முக்கால் பங்கைப் பூங்காவுக்கு வெளியே உள்ள காப்புக்காட்டுச் சதுப்புகளிலேயே எடுத்திருக்கலாம். அங்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும் என்றாலும், தேசியப் பூங்காவுக்குரிய தடை அங்கு இல்லை. ஆகவே பூங்காவுக்குள் கணக்கெடுப்பும் ஒளிப்படமும், பூங்காவுக்கு வெளியே குறைந்த எண்ணிக்கையில் சேகரிப்பு என்று திட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அதே சட்டத்தின் 17ஏ பிரிவு, அட்டவணையில் குறிப்பிட்ட தாவரங்களை எந்தக் காட்டு நிலத்திலும் பறிக்கவோ பிடுங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்கிறது. கல்விக்கும், அறிவியல் ஆய்வுக்கும், நிறுவன ஹெர்பேரியத்தில் (உலர்த்திய தாவரங்களின் தொகுப்பகத்தில்) வைப்பதற்கும் 17பி பிரிவின்கீழ்த் தனி அனுமதி பெற இடமுண்டு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பட்டியல் 3-ஆம் அட்டவணையில் இருக்கிறது. நீலக்குறிஞ்சியும் அதில் இடம்பெற்றுள்ளது. பழைய ஆய்வேடுகளைப் பார்த்து எழுதுவோர் 6-ஆம் அட்டவணை என்றே இன்னமும் குறிப்பிடுகிறார்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர் இந்தப் பிழையை உடனே கவனித்துவிடுவார்.

2. உங்கள் சதுப்பு யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள்

புல்வெளிக்கு வேலி கிடையாது. ஒரு சரிவின் மேற்பகுதி தேசியப் பூங்காவிலும், அதன் அடியில் தண்ணீர் சேரும் சதுப்பு காப்புக்காட்டிலும் இருக்கலாம். அணைகளை ஒட்டிய இடங்களில் சாலையும் ஓய்வு விடுதியும் மின்வாரியத்தின் பொறுப்பில் இருக்கும். மேற்கே சற்று நகர்ந்தால் கேரளம். அங்கே தமிழ்நாட்டு அனுமதி செல்லாது.

ஒவ்வொரு ஆய்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து, வனக்கோட்டம், சரகம், காப்புக்காட்டின் பெயர் ஆகியவற்றை எதிரே எழுதி ஒரு பட்டியல் தயாரியுங்கள். இந்த வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிட முடியும் என்று நம்ப வேண்டாம். விண்ணப்பிப்பதற்கு முன் ஒருமுறை உதகைக்குப் போய், சரக அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி, எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கழியும் ஒரு நாள், பின்னால் இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தும். நான் ஆறு இடங்களைக் குறித்திருந்தேன். அவற்றில் இரண்டு, நான் எழுதியிருந்த கோட்டத்தைச் சேர்ந்தவையே அல்ல என்பது விண்ணப்பம் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

அருகில் தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) இருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரியுங்கள். அப்பகுதிச் சதுப்புகளும் புல்வெளிகளும் அவர்களுடைய எருமைகளின் மேய்ச்சல் நிலம் மட்டுமல்ல. சில இடங்கள் அவர்களுக்குப் புனிதமானவை. வனத்துறை அனுமதித்திருந்தாலும், மந்தின் பெரியவர்களைச் சந்தித்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, எங்கே கால் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்வது உங்கள் கடமை. எரியோக்ரைசிஸ் ரங்காசாரி என்ற சதுப்புப் புல் அவர்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல். அது இன்று எந்தெந்தச் சதுப்பில் மிஞ்சியிருக்கிறது என்பதை எந்த ஹெர்பேரியத் தாளையும்விட அவர்கள் துல்லியமாக அறிவார்கள். தாம் காட்டும் இடத்தை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டால், கட்டுரையிலும் அந்த இடத்தின் ஆயத்தொலைவைப் போடாதீர்கள்.

3. நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

ஈரப்புல்வெளியின் ஆண்டு இப்படிச் செல்கிறது. ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குப் பிறகு தளிர் விடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. பூச்சியுண்ணும் செடிகளான அழுகண்ணியும் யூட்ரிகுலேரியாவும் பூக்கத் தொடங்கினாலும், மூடுபனியும் காற்றும் வேலை செய்ய விடமாட்டா. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட மழையில் சாலை இருக்குமா என்பதே கேள்வி. செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரைதான் உங்களுக்குரிய காலம். பெரும்பாலான புற்கள் கதிர்விட்டிருக்கும். சட்டிரியம் ஆர்க்கிடின் இளஞ்சிவப்புக் கதிர்கள் புல்லுக்கு மேலே நிமிர்ந்திருக்கும். எரியோகாலான் என்னும் சதுப்புச் செடியின் பூத்தலைகள் முற்றி, விதையோடு இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. அதைத் தொடர்ந்து பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காட்டுத்தீக் காலம். அப்போது வெளியாட்களை உள்ளே அனுப்பத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது.

ஆகவே செப்டம்பரில் களத்தில் நிற்க வேண்டுமானால், ஜனவரியில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது முறை எனக்கு எல்லாத் தாளும் சரியாக இருந்தும் ஐந்து மாதம் ஆனது. அனுமதிக் காலத்தைக் கேட்கும்போது ஓராண்டு என்று கேட்காதீர்கள். ஜூன் முதல் அடுத்த ஆண்டு டிசம்பர் வரை என்று தேதி குறித்துக் கேளுங்கள். இரண்டு பூப்பருவங்கள் அதற்குள் அடங்கும்.

4. ஆவணங்களைச் சேருங்கள்

விண்ணப்பத்தைத் தனிநபராக அனுப்புவதைவிட நிறுவனத்தின் தலைவர் வழியாக, அவருடைய முகப்புக் கடிதத்தோடு அனுப்புவதே முறை. சென்னையிலுள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு முகவரியிட்டு, நகல்களை உரிய கோட்ட அலுவலர்களுக்கும் அனுப்புங்கள். உள்ளே இருக்க வேண்டியவை:

ஆய்வுத் திட்டம், நான்கு பக்கத்துக்கு மிகாமல். நோக்கம், முறை, இடம், காலம், வனத்துறைக்கு இதனால் கிடைக்கும் பயன் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். பயன் பற்றிய பத்தியை உண்மையான அக்கறையோடு எழுதுங்கள். அயல்தாவரங்களில் எந்தச் சதுப்பில் கல்லா லில்லி பரவியிருக்கிறது, எந்தச் சரிவில் சீகை மரக் கன்றுகள் முளைத்திருக்கின்றன, ஸ்காட்ச் புரூமும் யூலெக்ஸும் எங்கே புல்லை மூடுகின்றன என்ற வரைபடம், பூங்காவை நிர்வகிப்பவருக்கு நேரடியாக உதவும். என் இரண்டாவது விண்ணப்பத்தில் இதைச் சேர்த்தேன். கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றியே வந்தன.

ஆய்விடங்களின் பட்டியலும் வரைபடமும். இரண்டாம் படியில் தயாரித்தது.

நெறியாளரின் கடிதம், நிறுவன அடையாள அட்டை, ஆதார் நகல்.

களத்துக்கு வரும் எல்லோருடைய பெயர்களும். இதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். உதவிக்கு வரும் நண்பரின் பெயர் அனுமதி உத்தரவில் இல்லையென்றால், அவர் சோதனைச்சாவடியிலேயே நின்றுவிட வேண்டியதுதான். வரக்கூடும் என்று நினைக்கும் அனைவரையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். வண்டி எண்ணுக்கும் இது பொருந்தும்.

சேகரிப்பு உண்டு என்றால், இனவாரியாக எண்ணிக்கைப் பட்டியல். "தேவைக்கேற்ப" என்ற சொல் எங்குமே வரக்கூடாது. ஒரு இனத்துக்கு, ஒரு இடத்துக்கு இரண்டு மாதிரி. வேரோடு எடுக்கப்படுமா, தண்டு மட்டும் எடுக்கப்படுமா. அட்டவணைத் தாவரம் எதுவும் இல்லை என்ற உறுதி. இவற்றை வெளிப்படையாக எழுதுங்கள். எந்த ஹெர்பேரியத்தில் வைக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலுள்ள ஹெர்பேரியம் நம் பகுதிக்கு மிகப் பொருத்தமானது. அங்கே முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் கடிதத்தை இணைத்துவிடுங்கள்.

எடுத்துச் செல்லும் கருவிகளின் பட்டியல். கேமரா, ஜிபிஎஸ், அளவுநாடா, மண் எடுக்கும் கரண்டி, மாதிரிகளை ஊறவைக்கும் ஸ்பிரிட் என எதையும் விடாதீர்கள். எரியக்கூடிய திரவம் பட்டியலில் இல்லாமல் பையில் இருந்தால், அதற்கு விளக்கம் சொல்லியே உங்கள் முதல் நாள் போய்விடும். ட்ரோன் வேண்டாம், மாணவ ஆய்வுக்கு அது தேவையில்லை, அதற்கான அனுமதி தனி.

வெளிநாட்டுக் குடிமக்கள் அல்லது வெளிநாட்டு நிறுவனம் ஆய்வில் பங்கேற்றாலோ, மாதிரி வெளிநாட்டுக்குப் போனாலோ, உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இன்படி தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். அதற்கெனத் தனியாக மாதங்களை ஒதுக்குங்கள்.

அனுப்பிய பிறகு சும்மா இருக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோப்பு எண்ணைச் சொல்லி, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். தலைமை அலுவலகத்திலிருந்து கருத்துக் கேட்டு மாவட்டத்துக்கு ஒரு கடிதம் போகும். அந்தக் கருத்து திரும்பி வராமல் கோப்பு நகராது. அந்த நேரத்தில் கோட்ட அலுவலகத்துக்கு நேரில் போய், வரைபடத்தோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

5. செலவைக் கணக்கிடுங்கள்

அனுமதிக் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் உத்தரவிலேயே குறிப்பிடப்படும். செலுத்திய ரசீதின் அசலைக் களத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் உங்கள் பணம் கரையப்போவது அங்கே இல்லை. என் மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் ஜீப் வாடகைக்கே போனது. உதகையிலிருந்து அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் போகும் பாதைகளில் சாதாரணக் கார் பயன்படாது. காலையில் இறக்கிவிட்டுப் போன வண்டி மாலையில் வந்து காத்திருந்தாலும் முழுநாள் வாடகைதான். இரண்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஒரே வண்டியில் போக முடியுமா என்று பாருங்கள். அவர்கள் அனுமதியிலும் அந்த வண்டி எண் இருக்க வேண்டும்.

உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கான ஊதியத்தையும் சாப்பாட்டையும் உங்கள் நிதிநிலையில் சேர்த்துவிடுங்கள். அவர் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. காட்டு மாடு சதுப்பின் ஓரப் புல்லில் படுத்திருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

மழை நாள்களுக்கென்று கூடுதலாக ஒரு பங்கு வையுங்கள். ஆறு நாள் வேலைக்கு ஒன்பது நாள் தங்கும் செலவைக் கணக்கிட்டால் சரியாக இருக்கும்.

6. மேலே போகுமுன்

வெளியூர் வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்; 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் உள்ளது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை இருப்பதால், மாதிரிகளைப் போட பிளாஸ்டிக் கவர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களும் ஈரத் துணிப் பைகளும் போதும்.

காலணியின் அடிப்பாகத்தைப் புறப்படும் முன் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். ஸ்காட்ச் புரூமின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அது படர்ந்த சாலையோரத்தில் மிதித்துவிட்டு, அதே சேற்றோடு ஒரு தூய சதுப்பில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கால்சட்டை மடிப்பையும் உதறிவிடுங்கள்.

7. சதுப்பில் இறங்கும்போது

இறங்காமல் இருப்பதே முதல் விதி. சதுப்பின் நடுவில் நீங்கள் வைக்கும் ஒரு காலடி, மெத்தைபோல் அமுங்கி, ஒரு குழியாகி, அதில் தண்ணீர் நிற்கும்; அடுத்த ஆண்டு போனபோதும் என் காலடிக் குழிகள் சிலவற்றை அடையாளம் காண முடிந்தது. அதைப் பார்த்த பிறகு நான் முறையை மாற்றிக்கொண்டேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே ஒரு கோட்டைக் கயிறு கட்டிக் குறித்து, அதில் மட்டும் போய், அதே வழியில் திரும்புங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைக் கோட்டின் இடப்பக்கம் மட்டும் வையுங்கள். நிற்பதற்கு ஒரு சிறு பலகை இருந்தால் எடை பரவும்.

கோட்டின் நீளத்தைவிட, ஈரம் மாறும் இடங்களைக் கவனிப்பதே முக்கியம். மேட்டில் கிரைசோபோகான் புல்லின் கற்றைகள் அடர்ந்திருக்கும். பத்தடி கீழே இறங்கினால் கற்றைகள் விலகி, இடையில் கோரை இனங்கள் வரும். இன்னும் கீழே, கால் வைத்தால் தண்ணீர் ஊறும் இடத்தில், எரியோகாலானின் வெண்பொத்தான் தலைகள். அவற்றின் அடியில், மண்டியிட்டுக் கண்ணைத் தரைக்கு அருகே கொண்டுபோனால்தான், புல்லுக்கிடையில் ஒரு விரல் உயரத்தில் அழுகண்ணி தெரியும்: பிறைபோன்ற சிறு இலை, அதைச் சுற்றிச் செம்முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு துளி. பத்து மணிக்கு வெயில் ஏறும்போது பனித்துளிகள் எல்லாம் காய்ந்துவிடும், இந்தத் துளிகள் மட்டும் காயாது. அதற்குப் பிறகு தேடினால் எளிது.

பத்து மடங்கு, இருபது மடங்கு கைவில்லை இரண்டும் கழுத்தில் தொங்கட்டும். புல்லைப் படமெடுக்கும்போது முழுச் செடியோடு நிறுத்திவிடாதீர்கள். இலையுறையும் இலைப்பரப்பும் சேரும் இடத்தில் உள்ள நாக்கு, ஒரு சிறுகதிரின் நெருக்கப்படம், அளவுகோல் வைத்த படம் ஆகிய மூன்றும் இல்லையென்றால் கீழே வந்து பெயர் சொல்ல முடியாது. எரியோகாலானுக்கு முற்றிய விதை இல்லாமல் இனம் காண்பது வீண் முயற்சி. குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். மூடுபனி இறங்கினால் பத்து அடி தூரத்தில் நிற்பவர் தெரியமாட்டார்.

8. மாதிரிகளை உலர்த்துங்கள்

மலையின் ஈரத்தில் மாதிரிகள் காயாது. மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். உலர்த்தாளைக் காலை மாலை மாற்ற வேண்டும். விடுதி அறையில் அவ்வளவு தாளைக் காயவைக்க வழியிருக்காது. ஆகவே வாரக்கடைசியில் ஒருவர் மாதிரிகளோடு மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளி வெயிலில் தாள்களை மாற்றுவது நல்லது. அப்போது அனுமதி உத்தரவின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். சாவடியில் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

யூட்ரிகுலேரியாவை அழுத்திக் காயவைத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஓரிரு பூக்களையும், சேற்றை மெல்ல அலசி எடுத்த, இரை பிடிக்கும் சிறு பைகளோடு கூடிய தண்டையும் 70 சதவீத ஸ்பிரிட்டில் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, அதே சேகரிப்பு எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இடுங்கள். மற்றவற்றை 42 சென்டிமீட்டருக்கு 28 சென்டிமீட்டர் தாளில் ஒட்டி, நாள், இடம், உயரம், ஈரநிலை, பூவின் நிறம், அனுமதி உத்தரவு எண் ஆகியவற்றை எழுதுங்கள். அனுமதி எண் இல்லாத தாளை வாங்கிக்கொள்ள ஹெர்பேரியம் தயங்கும். ஆய்விதழும் கேள்வி கேட்கும்.

9. அறிக்கையும் நீட்டிப்பும்

உத்தரவில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று இருக்கும். அந்தத் தேதிகளை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அறிக்கையில் இனப்பட்டியலோடு, அயல்தாவரங்கள் காணப்பட்ட இடங்களின் வரைபடத்தையும், எடுத்த மாதிரிகளின் உண்மையான எண்ணிக்கையையும் சேருங்கள். அனுமதித்தது இருபது, எடுத்தது பதினொன்று என்றால் பதினொன்று என்றே எழுதுங்கள். கோட்ட அலுவலகத்துக்கும் சரக அலுவலகத்துக்கும் தனித்தனிப் பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை உங்கள் பிரதியில் வாங்கிவிடுங்கள்.

நீட்டிப்பு வேண்டுமென்றால் காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கையெழுத்து பெற்ற அந்த அறிக்கைப் பிரதிகளின் நகல் இல்லாமல் அந்த விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.